ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்

1

மழை தொடங்குவதற்கு முந்தைய வாரம், விக்ரோலி ஸ்டேஷனில் இறங்கும்போது என் கைப்பையின் வார் அறுந்துவிட்டது. லேடீஸ் பெட்டியில் இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் ஒரே வாசலில் மல்லுக்கு நிற்பது இங்கே அன்றாடம். நான் பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டேன், பை உள்ளேயே நின்றுவிட்டது. யாரோ ஒரு புண்ணியவதி அதைத் தூக்கி வெளியே எறிந்தாள். டிபன் பாக்ஸ் திறந்துகொண்டு எலுமிச்சைச் சாதம் பிளாட்பாரத்தில் சிதறியது. ஊரில் என்றால் நாலு பேர் கூடி நின்று, எங்கே வாங்கின பை, என்ன விலை என்று விசாரித்திருப்பார்கள். இங்கே ஒருத்தி சாதத்தைத் தாண்டிக் குதித்து ஓடினாள். அவ்வளவுதான்.

இந்த ஜூனோடு நான் பம்பாய்க்கு வந்து இருபத்தைந்து வருஷம். மும்பை என்று எழுத வேண்டும் என்று தெரியும். வாயும் கையும் பழகிவிட்டன. அதைப் பற்றி ஊரில் இருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதலாம், வெள்ளிவிழா அல்லவா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மழை, வடாபாவ், லோக்கல் ரயில் என்று சிரிப்பாக. ஆனால் அன்று சாயங்காலம் செம்பூரில் எங்கள் வீட்டில் நடந்ததற்குப் பிறகு சிரிப்பாக எழுத வரவில்லை.

அறுந்த பையை மேஜையில் போட்டேன். என் கணவர் தேவராஜ் பார்த்துவிட்டு, “பிளெஸ்ஸிகிட்ட குடு. நாலு மாசம் பை கம்பெனியில இருந்தவதான?” என்றார்.

பிளெஸ்ஸி எங்கள் ஒரே மகள். இருபத்தொன்று நடக்கிறது. பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அறுந்த இடத்தைத்தான் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. பையின் உள்பக்கத்தை வெளியே இழுத்து, தையலோரமாகக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனாள். பிறகு வாரை இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பார்த்தாள்.

“தையல்ல தப்பு இல்ல மம்மி. தோலை வெட்டின இடமே தப்பு. இது வயித்துப்பக்கத் தோலு, இழுத்தா ரப்பர் மாதிரி வரும். வாருக்கு இதைப் போடவே கூடாது. எத்தனை தடவை தைச்சாலும் திரும்பக் கிழிஞ்சிரும், பக்கா.”

“அப்ப நீயே வேற தோல் வச்சு ஒரு வார் வெட்டேன்” என்றார் அவர்.

“நான் எங்க டாடி? பாய் மாமாதான் சொல்லிட்டாரே, என் கைக்கு இந்த வேலை வராதுன்னு. ஸ்டேஷன்ல செருப்புத் தைக்கிற மோச்சிகிட்ட குடுத்துரு மம்மி, அவன் பத்து நிமிஷத்துல தைச்சுக் குடுப்பான்.”

வருத்தமாகச் சொல்லவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது என்று ஒருவர் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அடுப்படிக்குப் போய், அணைத்து வைத்திருந்த குக்கரின் முன்னால் நின்றுகொண்டேன்.

அந்தப் பை கம்பெனியை நடத்துகிற பாய் மாமா அப்படிச் சொன்னது உண்மை. அவரை அப்படிச் சொல்ல வைத்தது நான். அது அவளுக்குத் தெரியாது.

2

நம் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எப்படி வேலை கிடைத்தது என்றால், “இன்னார் ஒரு வார்த்தை சொல்லி வச்சார்” என்பார்கள். படிப்பு, சர்டிபிகேட் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

என் கணவர் எங்கள் ஊரான நாசரேத்திலிருந்து ரயில் ஏறியபோது அவரிடம் இருந்தது தாராவியில் ஒரு சபை மூப்பரின் பெயர் மட்டும். மூப்பர் அவரை ஒரு மருந்துக் கிடங்குக்குக் கூட்டிப்போய், “நம்ம பையன்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் இன்று வாஷியில் அதே கம்பெனியின் கிடங்குக்குப் பொறுப்பாளராக இருக்கிறார். அவருக்கு மருந்துக் கிடங்கு பிடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

என் கதையும் அதுதான். என் காலத்தில் ஊரில் பெண்பிள்ளைக்கு மூன்று வழி: டீச்சர், நர்ஸ், கல்யாணம். எனக்கு மூன்றாவது முந்திக்கொண்டது. இங்கே வந்த மறுவருஷம், சபையில் என்னோடு பாடுகிற ஓர் அக்கா ஒரு வார்த்தை சொன்னார்கள். விக்ரோலியில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அன்று எனக்குத் தெரிந்த இந்தியில் ஆணும் பெண்ணும் ஒன்றுதான். மேனேஜரின் மனைவி வந்தபோது “மேடம் ஆயா”, அதாவது மேடம் வந்தான் என்று, ஆண்பிள்ளையைச் சொல்வதுபோல உரக்க அறிவித்தேன். ஆபீஸே சிரித்தது. இருந்தும் வேலை போகவில்லை. சொல்லி வைத்த ஆள் அப்படி.

அதனால் ஒரு வார்த்தை என்றால் எங்களுக்குச் சோறு. அதைக் கேவலமாகப் பேச எனக்கு வாய் வராது. தாராவியில் ஒற்றை அறை, மேலே ஒரு பரண், கீழே நாங்கள், பரணில் சாமான் என்று பதினோரு வருஷம் இருந்தோம். பிளெஸ்ஸி அங்கேதான் தவழ்ந்தாள். பிறகு லோன் போட்டு, செம்பூரில் ஒரு சின்ன ஃபிளாட். குடிவந்த அன்று என் கணவர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வருகிறதைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அடுத்து நான் செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது என்று நீங்கள் நினைக்க வேண்டும் என்பதற்காக. நினைக்காவிட்டாலும் பரவாயில்லை.

3

பி.காம் முடித்தவளை பாங்க் பரீட்சையும் அரசாங்கப் பரீட்சையும் எழுத வைப்பது என்று நான் முடிவு செய்திருந்தேன். அரசாங்க வேலைக்கு, இந்த மாநிலத்தில் குடியிருப்பவள் என்று சான்றிதழ் வேண்டும். அவள் இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள். ஆனால் ரேஷன் கார்டில் தாராவி விலாசம், ஆதாரில் செம்பூர் விலாசம், பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் தேவராஜ், இன்னொன்றில் தேவ்ராஜ். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “காவ் குட்லா?” என்று மராத்தியில் ஊர் கேட்டாள். நான் நாசரேத் என்றேன். பிளெஸ்ஸி செம்பூர் என்றாள். அந்த அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் ஓரமாக நிற்கச் சொன்னாள்.

மூன்றாம் தடவை அப்படி ஓரமாக நின்றபோதுதான் பிளெஸ்ஸி கேட்டாள்.

“மம்மி, எனக்கு இந்த வேலை வேணுமான்னே தெரியல. தெரியாத ஒண்ணுக்கு எதுக்கு இவ்வளவு லைன்ல நிக்கணும்?”

“வேற என்ன வேணும்?”

“அதுவும் தெரியல. ஒரு வருஷம் குடு. மூணு இடத்துல வேலை பாக்கிறேன். ஒண்ணு ஆளுங்களோட, ஒண்ணு கையால, ஒண்ணு கணக்கு. நாலு நாலு மாசம். எது வருதோ அதைச் சொல்றேன். அதுக்கப்புறம் நீ எந்த லைன்ல நிக்கச் சொன்னாலும் நிக்கிறேன், ப்ராமிஸ்.”

எனக்கு அந்த வயதில் அப்படிக் கேட்கலாம் என்றே தெரியாது. கேட்டவள்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஒப்புக்கொண்டேன். ஒரே ஒரு நிபந்தனை: மூன்றும் நம்ம ஆளுங்க இடமாக இருக்க வேண்டும். வயதுப் பெண், பம்பாய், காலம் கெட்டுக் கிடக்கிறது என்று காரணம் சொன்னேன். அவளும் சரி என்றாள்.

அன்றே போனை எடுத்தேன். முலுண்டில் கிரேஸ் அக்கா, எங்கள் பழைய சபைக்காரர், தன் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறார். தாராவியில் மைதீன் பாய், மேலப்பாளையத்துக்காரர், நாங்கள் குடியிருந்த சந்தில் தோல் பை தைக்கும் கார்கானா வைத்திருக்கிறார். மாட்டுங்காவில் வெங்கட்ராமன் சார், என் கம்பெனிக்குத் தணிக்கை செய்யும் ஆடிட்டர். அப்பா காலத்திலிருந்தே அங்கே குடியிருக்கிற குடும்பம். மூவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். மூன்று பேருக்கும் ஒரே வார்த்தை இல்லை.

கிரேஸ் அக்காவிடம், “அழுமூஞ்சிப் பிள்ளைகளாப் பாத்துக் குடுங்கக்கா” என்றேன். மைதீன் பாயிடம், “கஷ்டமான வேலையாக் குடுங்க பாய், ஒரு வாரத்துல ஓடி வந்துரணும்” என்றேன். வெங்கட்ராமன் சாரிடம் மட்டும், “குழந்தை கொஞ்சம் கூச்ச சுபாவம் சார், தட்டிக்குடுத்து வச்சுக்கோங்க” என்றேன்.

அவள் தானாகத் தேடி, தானாகக் கண்டுபிடித்து, கடைசியில் மாட்டுங்காவில் வந்து நிற்க வேண்டும். அது என் திட்டம். கெட்டிக்காரத்தனம் என்று அன்று எனக்கு ஒரே பெருமை. என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அவரால் ஒரு ரகசியத்தைச் சாப்பாட்டு நேரம்வரைகூட வைத்துக்கொள்ள முடியாது.

4

முலுண்ட் நான் நினைத்தபடியே நடந்தது. சட்டையில் யாரோ ஒரு குழந்தை கக்கிய பாலோடு ரயிலில் வருவாள். நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். “பிள்ளைங்க பிடிக்கும் மம்மி, ஆனா காலையிலேர்ந்து சாயங்காலம்வரை பிடிக்கல” என்றாள்.

பிறகு தாராவி.

பாய் சொன்ன சொல் தவறவில்லை. முதல் வாரம் முழுக்கக் கூட்டிப் பெருக்கவும், தைத்த பைகளில் தொங்கும் நூலை வெட்டவும் விட்டார். அடுத்து பசை பூசும் இடம். அந்த வாடை உங்களுக்குத் தெரியாது. இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. அவள் வந்து குளித்த பிறகும் தலைமுடியில் அது இருக்கும். நான் மனத்துக்குள் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன், இன்றைக்கு அழுவாள், நாளைக்கு அழுவாள் என்று.

அவள் அழவில்லை. பேச ஆரம்பித்தாள். அதுவரை வீட்டில் அவளிடம் ஒரு கேள்விக்கு ஒரு சொல்தான் வாங்க முடியும், அதுவும் பாதி இந்தியில். இப்போது சாப்பிட உட்கார்ந்தால் வாய் ஓயாது. ஆட்டுத்தோலில் முள் கீறின தழும்பு எங்கெங்கே வரும், அட்டை வடிவத்தை எப்படித் திருப்பிப் போட்டால் தழும்பு கழிவோடு போகும், முதுகுத்தோல் எதற்கு ஆகும், வயிற்றுத்தோல் எதற்கு ஆகாது. சப்பாத்தியைத் தட்டில் விரித்து, அதன்மேல் விரலால் கோடு போட்டுக் காட்டுவாள். அவள் அப்பா தன் சப்பாத்தியையும் நீட்டுவார்.

“பாய் மாமா இன்னிக்கு என்னை வெட்ட விட்டார், மம்மி! அவர் மாஸ்டர் லீவு. ஒரு முழுத்தோல் நானே போட்டு வெட்டினேன்.”

“கை பத்திரம்” என்றேன்.

நாலு மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் பின்னால் வந்து நின்று சொன்னாள். “மூணாவது இடம் வேண்டாம்னு தோணுது. இதுதான் மம்மி. ஆவோ நா, நீயும் வந்து பாரேன்.”

எனக்கு உள்ளே என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷம் அந்தச் சந்தில் இருந்துவிட்டு, மூச்சைப் பிடித்து வெளியே வந்தோம். என் மகள் தினமும் சியோன் ஸ்டேஷனில் இறங்கி அதே சந்துக்குத் திரும்பிப் போவதா? அது ஒன்று. இன்னொன்று, உங்களைப் பற்றியது. ஊருக்கு வந்தால் முதல் கேள்வி, “மக என்ன பண்ணுதா?” என்பதுதானே. ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறாள் என்று சொல்லும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தோல் வெட்டுகிறாள் என்று சொன்னால் எப்படி இருக்கும் என்றும் தெரியும். பாவத்தை உங்கள்மேல் போடவில்லை. ஆனால் அன்று பாத்திரம் துலக்கியபோது நீங்களும் என்கூட நின்றீர்கள்.

மறுநாள் ஆபீஸ் மாடிப்படியில் நின்று பாய்க்குப் போன் செய்தேன்.

“பாய், நீங்களே சொல்லிருங்க. உன் கைக்கு இது வராது பிள்ளன்னு.”

அந்தப் பக்கம் மிஷின் சத்தமாக இருந்தது. பிறகு கதவைச் சாத்தினார் போல, சத்தம் குறைந்தது.

“தங்கச்சி, என்ன பேசுத நீ? கஷ்டமான வேலை குடுன்ன, குடுத்தேன். அது உன் பிள்ள, உன் இஷ்டம். இது வேற. அவளுக்கு வருது, நல்லா வருது. எம் மாஸ்டர் பதினஞ்சு வருசமா வெட்டுதான், அவன் கழிக்கிறதைவிட இவ கம்மியாக் கழிக்கா. வாரதை வரலன்னு எப்படிச் சொல்ல?”

“நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க சொன்னாக் கேப்பா.”

“அதுக்குத்தான் சொல்ல மாட்டேங்கேன்.”

“என்னைத் தங்கச்சின்னு கூப்பிடுதீங்கள்ல? அது வாய் வார்த்தைக்கா?”

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. பிளெஸ்ஸி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு என்னை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு ஓடியவர் அவர். என் கணவர் அன்று வேலையில் இருந்தார். அந்த உறவையே கத்தியாக எடுத்து அவர் கழுத்தில் வைத்தேன். பாய் நீளமாக மூச்சு விட்டுவிட்டு, “சரி” என்றார்.

அன்று சாயங்காலம் பிளெஸ்ஸி வழக்கம்போல வந்தாள். குளித்தாள். சப்பாத்தியை மடித்துச் சாப்பிட்டாள். “மாட்டுங்காவுக்குத் திங்கக்கிழமையே போகலாம் மம்மி” என்றாள். பாய் பெயரைச் சொன்னால் எதிர்த்துப் பேசக்கூடத் தோன்றாத அளவுக்கு அவர்மேல் அவளுக்கு நம்பிக்கை. அதைத் தெரிந்துதான் நானும் அவரைப் பிடித்தேன்.

மாட்டுங்காவில் வெங்கட்ராமன் சார் தட்டிக்கொடுத்தார். தினமும் தட்டிக்கொடுத்தார். “பொண்ணு பிரமாதம், கவலையே படாதீங்கோ” என்று எனக்கும் சொன்னார். ஆடிட்டர் படிப்புக்குப் பணம் கட்டி, பெயர் பதிந்து, புத்தகங்கள் வந்து இறங்கின. வீட்டில் மறுபடியும் ஒரு கேள்விக்கு ஒரு சொல் ஆயிற்று. பொறுப்பு வந்துவிட்டது, அதனால் பேச்சுக் குறைந்துவிட்டது என்று நான் அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டேன்.

5

பை அறுந்த மறுநாள் அரைநாள் லீவு போட்டுத் தாராவிக்குப் போனேன். சந்து முனையிலேயே அந்தப் பசை வாடை வந்தது. பாயின் கார்கானா இப்போது மாடியும் சேர்த்து இரண்டு தளம். வேலை ஏராளம். தீபாவளிக்குக் கம்பெனிகள் கொடுக்கும் பரிசுப் பைகளுக்கு இப்போதே ஆர்டர் வந்து குவிந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் பாய் எழுந்து நாற்காலி போட்டார். டீ வரவழைத்தார். என் அறுந்த பையைப் பார்த்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் தன் ஆளிடம் கொடுத்தார். பிளெஸ்ஸி சொன்னதையே அந்த ஆளும் சொன்னான், வாருக்கு வயிற்றுத்தோல் போட்டிருக்கிறார்கள் என்று.

“பாய், நீங்க ஒரு போன் போட்டு அவகிட்ட சொல்லுங்களேன். சும்மா சோதிச்சுப் பாத்தேன் பிள்ள, உனக்கு வரும்னு.”

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

“இன்னும் ஒரு வார்த்தையா? உனக்கு எத்தன வார்த்தை வேணும் தங்கச்சி? அன்னைக்கு அவகிட்ட நான் சொல்லும்போது, கையில வச்சிருந்த கத்திரியை எம் மேசையில வச்சிட்டு, ‘தேங்க்யூ பாய் மாமா, உள்ளதைச் சொன்னீங்களே’ன்னு சொல்லிட்டுப் போனா. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. நீ சொல்லி நான் ஒரு பொய் சொன்னேன். அது என் மேலயும் இருக்கு. ஆனா அதை மறைக்க இன்னொண்ணு சொல்ல மாட்டேன். பெத்தவ நீ. நீ போய்ச் சொல்லு.”

“என்னை வெறுத்துருவா.”

“வெறுக்கட்டும். அப்பவாவது அவ மனசுக்குத் தோணினதச் செய்வா.”

பைக்கு அவர் காசு வாங்கவில்லை. புது வார் நன்றாகத்தான் இருந்தது. ஸ்டேஷன்வரை அதைத் தோளில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தேன்.

6

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பிளெஸ்ஸி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முகம் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மைதீன் பாய் உன்னிடம் சொன்னது பொய், அவரைச் சொல்லச் சொன்னது நான், உனக்கு அந்த வேலை நன்றாக வரும் என்று அவர் அன்றே என்னிடம் சொன்னார் என்று. வேகமாகச் சொல்லி முடித்துவிட்டேன்.

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் அழுது, காலைப் பிடித்து, எப்படியாவது கடந்திருப்பேன். அவள் கத்தவில்லை. வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“கிரேஸ் ஆன்ட்டிகிட்ட என்ன சொன்ன?”

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

“அழுகிற பிள்ளைகளாக் குடுக்கச் சொன்னேன்.”

“வெங்கட் சார்கிட்ட?”

“உன்னைத் தட்டிக்குடுத்து வச்சுக்கச் சொன்னேன்.”

“அப்போ அவர் தினமும் வெரி குட், வெரி குட்னு சொல்றது?”

நிஜமாகவே நன்றாகச் செய்ததற்குச் சொன்னாரா, நான் சொன்னதற்காகச் சொன்னாரா? அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, “தோ ஸப் ஃபிக்ஸ் தா” என்றாள். எல்லாமே முன்கூட்டியே பேசி வைத்ததுதானா என்று அர்த்தம்.

“மம்மி, இந்த ஒரு வருஷம் நான் வேலை பாக்கல. நீதான் பாத்திருக்க.”

எழுந்து கை கழுவிக்கொண்டு, மீதி வெங்காயத்தை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் அவளிடமிருந்து தோல் வேலையை மட்டும் பிடுங்கினேன் என்று நினைத்திருந்தேன். அதை ஒரு மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் அவளைப் பற்றி அந்த வருஷம் யார் என்ன சொல்லியிருந்தாலும், நல்லதோ கெட்டதோ, ஒன்றையும் இனி அவளால் நம்ப முடியாது. பாய் கூப்பிட்டு உனக்கு வரும் என்று சொன்னாலும், அம்மா சொல்லச் சொன்னாளா என்றுதான் கேட்பாள். அவளுக்கு எது வரும் என்று அவளுக்கே தெரியாமல் செய்துவிட்டேன். ஒரு வருஷம் கேட்டாள். கொடுத்ததுபோல் கொடுத்து, முழுசாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவள் நேராக வெங்கட்ராமன் சாரிடமே போய்க் கேட்டிருக்கிறாள், உண்மையில் தன் வேலை எப்படி என்று. அதை அவள் அப்பாதான் என்னிடம் சொன்னார். வெங்கட்ராமன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “மோசமில்லேம்மா” என்றாராம்.

7

அந்த வாரத்தோடு மாட்டுங்காவிலிருந்து நின்றுவிட்டாள். தாராவிக்கும் போகவில்லை. பாய் இரண்டு தடவை கூப்பிட்டார். மரியாதையாகப் பேசிவிட்டு வைத்தாள். மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், குடையோடு கிளம்பி நின்றாள்.

“வேலை கிடைச்சிருக்கு. நம்ம ஆளுங்க யாரும் இல்லாத இடம். நானே போய்க் கேட்டேன், அவங்களே டெஸ்ட் வச்சு எடுத்தாங்க. பிடிக்கலேன்னா இன்னொரு இடம் பாப்பேன். எங்கேன்னு கேக்காத மம்மி. டாடிகிட்ட அட்ரஸ் இருக்கு, ஏதாவது ஆச்சுன்னா அவர் வருவார்.”

என் கணவர் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். சாப்பாட்டு நேரம்வரை ஒரு ரகசியம் தாங்காத மனுஷன், அந்த விலாசத்தைப் பற்றி இன்றுவரை மூச்சு விடவில்லை. நான் ஒருமுறை மெதுவாகக் கேட்டேன். “அவ என்னை நம்பிச் சொல்லியிருக்கா, ராணி” என்றார். வேறு விளக்கம் இல்லை. எனக்குச் சுருக்கென்றது, அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை என்றாலும்.

காலையில் இரண்டு டிபன் கட்டுகிறேன். ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறாள். செம்பூரில் இருவரும் ஒரே ரயில் ஏறி, குர்லாவில் இறங்குகிறோம். நான் விக்ரோலி பக்கம் போகும் பிளாட்பாரத்துக்குப் படி ஏறுகிறேன். அவள் எந்தப் படி ஏறுகிறாள் என்று நான் திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் வாரம் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் அவள் கையைப் பார்ப்பேன், பசை இருக்கிறதா, மை இருக்கிறதா என்று. அவள் ஸ்டேஷனிலேயே கழுவிக்கொண்டு வருகிறாள். சாப்பிடும்போது பேசுகிறாள், மழையைப் பற்றி, ரயிலைப் பற்றி. வேலையைப் பற்றி இல்லை. சப்பாத்தியை மடித்துத்தான் சாப்பிடுகிறாள்.

அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

போன புதன்கிழமை ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே போன் அடித்தது. ஸ்டீபன் அண்ணன். எங்கள் ஊர்க்காரர், கூரியர் வேலையாகப் பம்பாய் முழுக்கச் சுற்றுகிறவர். நல்ல மனுஷர். எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

“தங்கச்சி, உன் மகளப் பாத்தேன். பார்சல் எடுக்க ஒரு எடத்துக்குப் போனேன், அங்க குனிஞ்சு உக்காந்து வேல பாத்துட்டு இருந்தா. என்னைப் பாக்கல. நீ ஒண்ணும் சொல்லவே இல்லையே! அந்த முதலாளி நமக்கு ரொம்ப வேண்டியவரு. பிள்ள கஷ்டப்படாம நல்ல எடமாப் பாத்து உக்கார வைக்கச் சொல்லி, ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டா?”

எந்த இடம் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் உட்கார்ந்திருப்பது நாற்காலியா தரையா, அங்கே வெளிச்சம் இருக்கிறதா, சாப்பாட்டு நேரத்தில் சாப்பிட விடுகிறார்களா, எதில் குனிந்திருந்தாள். எல்லாம் அண்ணனுக்குத் தெரியும். கேட்டால் சொல்லிவிடுவார்.

“அது என் மகளா இருக்காதுண்ணே” என்றேன்.

“என்ன தங்கச்சி, எனக்குத் தெரியாதா? உன் முகம் அப்படியே இருக்கு.”

“இல்லண்ணே. என் பிள்ள இல்ல. அது வேற யாரோ.”

அண்ணனுக்குப் பின்னால் மழையும் ஹாரன் சத்தமும் கேட்டன.

“அப்ப நான் ஒண்ணும் சொல்லல, விட்டுருதேன்” என்றார்.

“விட்டுருங்கண்ணே” என்றேன்.